ஹேர் டிரான்ஸ்பிளான்ட்: ஜப்பானில் தொடங்கிய சிகிச்சை, உயிருக்கே ஆபத்தாவது எப்போது?

தலையில் முடி இல்லாததால் யாரும் இறந்ததில்லை. ஆனால் அந்த முடியைத் திரும்பக் கொண்டுவரப் போய் இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2016-ல் சென்னையில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் அதைத் தொடர்ந்து உயிரிழந்தார். 2019 மார்ச்சில் மும்பையில் 43 வயது தொழிலதிபர். 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் கான்பூரில் அடுத்தடுத்து இரண்டு பொறியாளர்கள்.

"காலையில் வந்தால் சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம், தையல் கிடையாது, வலி கிடையாது" என்றுதான் ரீல்ஸ் விளம்பரங்கள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. சரியான ஆளுக்கு, சரியான இடத்தில், சரியான கையால் செய்யப்பட்டால் இது மிகவும் பாதுகாப்பான அழகு சிகிச்சைகளில் ஒன்று. அப்படியிருக்க, மரணம் வரை போவது எப்படி? உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும், லட்சங்களைக் கொட்டிய பிறகு பலர் கண்ணாடி பார்க்கவே தயங்கும் நிலை வருவது ஏன்? இதைப் புரிந்துகொள்ள, சொட்டை எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்னால் கொட்டும், பின்னால் கொட்டாது

"சென்னைக்கு வந்ததுல இருந்துதான் முடி கொட்டுது, எல்லாம் இந்த போர் தண்ணிதான்." தமிழ்நாட்டில் முடி கொட்டும் இளைஞர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். ஹெல்மெட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், நடுவில் உடையவைக்கும். ஆனால் நெற்றி ஏறிக்கொண்டே போவதற்கும், உச்சந்தலையில் வட்டம் விழுவதற்கும் தண்ணீர் காரணமில்லை.

காரணம் மரபணுவும் ஹார்மோனும். ஆண்களின் உடலில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஒரு நொதியின் உதவியால் டிஹெச்டி என்ற வேறொரு ஹார்மோனாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு எளிதில் பாதிக்கப்படும் முடிவேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. தடித்த முடி மெலிந்து, பூனைமுடி போலாகி, கடைசியில் வெளியே தெரியாமலேயே போய்விடுகிறது. அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல் இந்தத் தொடர்பை நிறுவினார். பருவமடைவதற்கு முன்பே விதைகள் அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதை அவர் கவனித்தார். அவர்களில் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது முடி கொட்டத் தொடங்கியது. ஹார்மோன் மட்டும் போதாது, மரபும் சேர வேண்டும் என்பது அப்போது தெளிவானது. அந்த மரபு அம்மா வழியில்தான் வரும் என்பது பாதி உண்மை. அப்பா வழியிலும் வரும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எவ்வளவு பெரிய வழுக்கையாக இருந்தாலும் காதுக்கு மேலும் பின்னந்தலையிலும் ஒரு பட்டை முடி மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அங்குள்ள முடிவேர்கள் டிஹெச்டிக்கு அசைந்து கொடுப்பதில்லை. முடி மாற்று சிகிச்சை முழுக்க முழுக்க இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது.

வழுக்கைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல

முடியை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் நடலாம் என்ற யோசனை 200 ஆண்டுகள் பழையது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் மருத்துவம் படித்த டீஃபன்பாக், 1822-ல் தனது பட்ட ஆய்வுக்காக விலங்குகளிடமும் பறவைகளிடமும் இதைச் சோதித்தார். தன் தலைமுடியில் சிலவற்றை எடுத்துத் தன் கையிலேயே நட்டும் பார்த்தார். பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரானார். ஆனால் அந்த யோசனை அத்தோடு நின்றுபோனது.

உண்மையான தொடக்கம் ஜப்பானில். தோல் மருத்துவர் ஷோஜி ஒகுடா, தீக்காயம் போன்றவற்றால் தலையிலோ புருவத்திலோ முடி இழந்தவர்களுக்கு உதவ ஒரு வழி தேடினார். 2 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான வெட்டுக் கருவியால் முடியுள்ள தோலைத் துண்டு துண்டாக எடுத்து, தழும்பு விழுந்த இடத்தில் அதே அளவு துளை போட்டுப் பொருத்தினார். முடி வளர்ந்தது. ஏறத்தாழ 200 பேருக்குச் செய்த இந்த முறையை 1939-ல் ஜப்பானிய தோல் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். அதே ஆண்டு இரண்டாம் உலகப்போர் வெடித்தது. ஜப்பானிய மொழியில் வந்த அந்தக் கட்டுரை மேற்கு நாடுகளின் கண்ணில் படவே இல்லை. 1943-ல் இன்னொரு ஜப்பானிய மருத்துவர் ஹஜிமே தமுரா, ஒற்றை முடியாகவே எடுத்து நடும் முறையை எழுதினார். இன்றைய முறைக்கு மிக நெருக்கமானது அது. அதுவும் கவனிக்கப்படவில்லை.

பத்தாண்டுகள் கழித்து நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர், ஜப்பானில் நடந்தது எதுவும் தெரியாமலேயே அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார். ஒரு தோல் துண்டை வேறு இடத்துக்கு மாற்றினால் அது புதிய இடத்தின் குணத்தைப் பெறுமா, பழைய குணத்தையே வைத்திருக்குமா என்பதுதான் அவரது கேள்வி. பின்னந்தலை முடியை எடுத்து வழுக்கையில் வைத்தார். அது கொட்டவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் குணத்தையே முடி காப்பாற்றிக்கொள்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்புதான் இன்றைய தொழிலின் அஸ்திவாரம். வழுக்கைக்கான முதல் முடி மாற்று சிகிச்சையை அவர் 1952-ல் செய்தார். கட்டுரை அச்சில் வர 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (கிளினிக் என்ற உலகப் புகழ்பெற்ற அழகுசாதன பிராண்ட் 1960-களின் கடைசியில் உருவானபோது அதன் பின்னணியில் இருந்ததும் இதே ஓரன்ட்ரைக்தான்.)

ஓரன்ட்ரைக் பயன்படுத்திய துண்டுகள் பெரியவை, சுமார் 4 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் கொத்தாகப் பத்து, இருபது முடிகள். நடுவில் வெற்றுத் தோல். பார்ப்பதற்கு பிளாஸ்டிக் பொம்மையின் தலை போல, வரிசையாக நாற்று நட்ட மாதிரி இருந்தது. 1980-கள் வரை உலகம் முழுக்க இதுதான் முறை. அந்தக் காலத்தில் செய்துகொண்டவர்கள் பலர் பிறகு அதை மறைக்கவே விக் வைத்துக்கொண்ட கதைகள் உண்டு.

மாற்றம் வந்தது மைக்ரோஸ்கோப் வழியாக. முடி தனித்தனியாக முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சின்னச் சின்னக் குடும்பமாகத்தான் முளைக்கின்றன என்பதை 1984-ல் ஹெடிங்டன் என்ற ஆய்வாளர் விவரித்திருந்தார். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் பாபி லிம்மர் என்ற மருத்துவர் 1988 முதல், பின்னந்தலையில் ஒரு தோல் பட்டையை அறுத்தெடுத்து, மைக்ரோஸ்கோப் அடியில் வைத்து, அந்தக் குடும்பங்களைச் சேதமில்லாமல் பிரித்து நடத் தொடங்கினார். இதுதான் எஃப்யூடி. பொம்மைத் தலை மறைந்தது. ஆனால் பின்னந்தலையில் காதிலிருந்து காது வரை நீளமான தழும்பு தங்கியது.

அந்தத் தழும்பும் வேண்டாம் என்றவர்களுக்கு வந்ததுதான் எஃப்யூஇ. பட்டையாக அறுக்காமல், 1 மில்லிமீட்டருக்கும் குறைவான பஞ்ச் கருவியால் ஒவ்வொரு முடிக்குடும்பத்தையும் தனித்தனியாகத் தோண்டி எடுப்பது. ஜப்பானில் இனாபாவும் ஆஸ்திரேலியாவில் ரே வுட்ஸும் 1980-களின் இறுதியிலேயே இதைத் தொட்டிருந்தாலும், 2002-ல் ராஸ்மன் குழுவினர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவியது. இன்று தமிழ்நாட்டில் "ஹேர் டிரான்ஸ்பிளான்ட்" என்று சொன்னாலே பெரும்பாலும் எஃப்யூஇதான். 2011-ல் இங்கிலாந்து கால்பந்து வீரர் வெய்ன் ரூனி, "ஆமா, பண்ணிக்கிட்டேன்" என்று டிவிட்டரில் வெளிப்படையாகச் சொன்னது கூச்சத்தை ஓரளவு போக்கியது.

எஃப்யூஇ-யின் எளிமைதான் அதன் பிரச்னையும். எஃப்யூடி செய்ய தோலை அறுத்துத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதாவது அறுவை சிகிச்சை நிபுணர் வேண்டும். எஃப்யூஇ-க்குக் கையில் பிடிக்கும் ஒரு மோட்டார் கருவி போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது. சலூன் மாடியிலும் அழகு நிலையத்திலும் சிகிச்சை அறை முளைத்தது. துருக்கியின் இஸ்தான்புல் நகரம் இதற்கான உலகச் சந்தையானது. விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போய், ஹோட்டலில் தங்கவைத்து, தலையில் கட்டுடன் திருப்பி அனுப்பும் பேக்கேஜ். ஊர் திரும்பும் விமானத்தில் வரிசை வரிசையாகக் கட்டுப்போட்ட தலைகளைப் பார்த்து, அதை 'டர்கிஷ் ஹேர்லைன்ஸ்' என்று சமூக வலைதளங்களில் கிண்டலடிக்கிறார்கள். அங்கே நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் மருத்துவர் பெயர் போர்டில் மட்டும் இருக்கும், கருவி டெக்னீஷியன் கையில் இருக்கும்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது?

பின்னந்தலையை ஒட்ட மழிப்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். நோயாளி குப்புறப் படுத்திருக்க, கிராஃப்ட் எனப்படும் முடிக்குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குளிர்ந்த உப்புநீர்க் கரைசலில் வைப்பார்கள். பிறகு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, முன்தலையில் மெல்லிய கீறல்கள் போட்டு, அதில் ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். 2,000 கிராஃப்ட் என்றால் 2,000 முறை எடுப்பு, 2,000 முறை நடவு. ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். நோயாளி முழு நினைவோடுதான் இருப்பார். சிலர் போனில் படம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வயலில் நாற்றைப் பிடுங்கி வெயிலில் போட்டுவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் கிராஃப்டுக்கும் ஆகும். உடலுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 1 சதவீத கிராஃப்டுகள் பிழைக்கும் வாய்ப்பை இழக்கின்றன என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அது காய்ந்துபோனால் சில நிமிடங்களிலேயே கதை முடிந்துவிடும். ஒரே நாளில் மூன்று பேருக்குச் செய்யும் நிலையங்களில், தட்டில் இருக்கும் கிராஃப்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது நல்ல கேள்வி.

பெரிய ஆபத்து: மரத்துப்போகப் போடும் ஊசி

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் என்றதும் ரத்தம், வலி என்றுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய முக்கிய இடம் அந்த ஊசி. பல் பிடுங்கும்போது போடும் அதே லிக்னோகைன்தான். பல்லுக்கு ஒன்றிரண்டு மில்லி போதும். தலை முழுக்க மரத்துப்போக வேண்டும் என்றால்?

இந்த மருந்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. தனியாகப் போட்டால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம். ரத்தநாளங்களைச் சுருக்கும் அட்ரினலின் சேர்த்துப் போட்டால் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால், தனி மருந்து 270 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். அதாவது 13 மில்லியைத் தாண்டினாலே எல்லை மீறுகிறது. ஒரு சின்ன பாட்டிலில் பாதிகூட இல்லை. அட்ரினலின் சேர்த்தால் 21 மில்லி.

தலைத்தோலில் ரத்த ஓட்டம் மிக அதிகம். அங்கே போடும் மருந்து சீக்கிரமாக ரத்தத்தில் கலக்கும். எட்டு மணி நேர சிகிச்சையில் நடுநடுவே "வலிக்குது" என்று நோயாளி சொல்லச் சொல்ல மறுபடி மறுபடி போடுவார்கள். எவ்வளவு போனது என்று எழுதிவைக்கும் ஆள் இல்லாத அறையில், வரம்பு தாண்டியது யாருக்கும் தெரியாது. முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும். நாக்கில் இரும்புச் சுவை தெரியும், காதில் இரைச்சல் கேட்கும், பேச்சு குழறும். பிறகு தசை துடிக்கும், வலிப்பு வரும். கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முதல் அறிகுறியிலேயே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தக் கரைசலும், அதை ஏற்றத் தெரிந்த ஆளும் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று ஒவ்வாமை. மரத்துப்போகும் மருந்தோ, ஆன்டிபயாடிக்கோ, வலி மாத்திரையோ, எது வேண்டுமானாலும் சிலருக்கு அனாஃபிலாக்சிஸ் எனப்படும் கடும் எதிர்வினையைக் கிளப்பலாம். முகமும் தொண்டையும் வீங்கும், மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் விழும். மும்பை தொழிலதிபரின் மரணத்தில் சந்தேகிக்கப்பட்டது இதுதான். அவருக்கு ஒரே அமர்வில் சுமார் 9,500 கிராஃப்டுகள் நடப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. ஒரு நாளில் 2,000 முதல் 3,000 என்பதே வழக்கமான அளவு.

சென்னை சம்பவத்தில் சிகிச்சை நடந்த இடம் மருத்துவமனையே அல்ல, அதற்கு இருந்தது அழகு நிலையத்துக்கான அனுமதிதான் என்று அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். உடல்நிலை மோசமான பிறகு அவரை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒருவரே அந்தப் படியேறியிருக்கிறார் என்பது, இந்த விளம்பரங்கள் எவ்வளவு நம்பகமாகத் தோன்றுகின்றன என்பதைக் காட்டுகிறது.

தொற்று அரிது, ஆனால் வந்தால் சாதாரணமல்ல. சுத்தம் செய்யப்படாத கருவியிலிருந்து கிருமி ஏறினால் சீழ் பிடிக்கும். ரத்தத்தில் பரவினால் செப்சிஸ். டெல்லியில் 30 வயது இளைஞர் ஒருவர் 2021-ல் இப்படித்தான் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். இந்த வழக்கு 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, இதற்கென்று விதிமுறைகள் வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது. ஒரு சென்டிமீட்டருக்குள் கீறல்களை மிக நெருக்கமாகப் போட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் தோலே கருகிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இது கூடுதல்.

மூன்றாம் நாள் நெற்றியும் கண்ணும் வீங்குவது, சின்னச் சின்னப் பருக்கள் வருவது, சில மாதங்கள் மரத்த உணர்வு இருப்பது, இவையெல்லாம் வந்து போகக்கூடியவை. சிலருக்கு நாள் கணக்கில் விக்கல் நிற்காது. வேடிக்கையாகத் தோன்றினாலும் மருத்துவ இதழ்களில் பதிவானது அது.

வங்கியில் போட்ட பணம் மாதிரி

உயிருக்கு ஆபத்து வருவது அரிது. அதைவிட மிகப் பரவலான பாதிப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை.

இந்த சிகிச்சை புதிதாக ஒரு முடியைக்கூட உருவாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. பின்னந்தலையிலிருந்து எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலானோரிடம் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 6,000 கிராஃப்டுகள்தான், சிலருக்கு அதைவிடக் குறைவு. இது ஒரே ஒருமுறை போடப்பட்ட டெபாசிட். வட்டி வராது.

22 வயதில், கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது நெற்றியை இறக்கிவிட வேண்டும் என்று ஒருவர் வருகிறார். சினிமா ஹீரோ மாதிரி தாழ்வான ஹேர்லைன் கேட்கிறார். "பண்ணிடலாம் தம்பி" என்று 3,000 கிராஃப்டை முன்வரிசையிலேயே நட்டுவிடுகிறார்கள். ஓராண்டில் படம் பிரமாதமாக வருகிறது, அதுவே அடுத்த விளம்பரமாகிறது. ஆனால் அவரது வழுக்கை நிற்கவில்லை. நட்ட முடி கொட்டாது, அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி கொட்டும். 32 வயதில் நெற்றியில் ஒரு பட்டை முடி, அதற்குப் பின்னால் வெற்றிடம், அப்புறம் மறுபடி பின்னந்தலை. இயற்கையில் எந்த வழுக்கையும் இப்படி விழாது. அதை நிரப்ப மீண்டும் போனால் பின்னந்தலையில் எடுக்க முடி இல்லை. அடர்த்தியாக எடுத்த இடமோ எலி கடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும்.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை அவசரப்படாதே என்று திருப்பி அனுப்புகிறார்கள். முதலில் மருந்து. ரத்த அழுத்தத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, உடம்பெல்லாம் முடி முளைக்கிறதே என்று கவனிக்கப்பட்டு, 1988-ல் தலைக்குத் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினாக்சிடில். புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரையாக வந்து, 1997-ல் குறைந்த அளவில் முடிக்காக அனுமதிக்கப்பட்ட ஃபினாஸ்டரைடு. இரண்டையும் நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலியல் நாட்டத்தைக் குறைக்கலாம், மனச்சோர்வும் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆகவே இதையும் மெடிக்கல் ஷாப்பில் நேரடியாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டவர்களும் மீதி முடியைக் காப்பாற்ற இந்த மருந்துகளைத் தொடர வேண்டியிருக்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

சிலருக்கு இது தேவையே இல்லை

டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, பிரசவம் என உடம்பு ஒரு பெரிய அடி வாங்கினால், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். சீப்பைப் பார்த்தாலே அழுகை வரும். ஆனால் அது பெரும்பாலும் தானாகத் திரும்பி வந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு போன்றவற்றால் கொட்டுவதற்கு மூல நோயைத்தான் பார்க்க வேண்டும். புழுவெட்டு என்று சொல்லப்படும் வட்ட வட்டமான சொட்டை, உடலின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. அங்கே புதிதாக நட்டாலும் அது மறுபடி தாக்கும். ஒரு தோல் மருத்துவர் தலையைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்து முடிவு சொல்லும் விஷயம் இது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் பத்து நிமிடத்தில் "3,500 கிராஃப்ட் சார், இன்னைக்கு புக் பண்ணா ஆஃபர்" என்று பதில் வருகிறது என்றால், அந்தப் பக்கம் இருப்பவர் மருத்துவர் அல்ல, சேல்ஸ் ஆள்.

யார் செய்யலாம்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயிற்சிப் பட்டறைக்குப் போயோ, யூடியூப் பார்த்தோ கற்றுக்கொண்டு செய்யக்கூடிய சிகிச்சை அல்ல இது என்று அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்கள், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்கள், தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து இதற்கான பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம். உதவியாளர்கள் உதவலாம், பொறுப்பு மருத்துவருடையது. அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி இருக்க வேண்டும். வாய், தாடை, முக அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படித்த பல் மருத்துவர்கள் செய்யலாமா என்பதில் தனியாக ஒரு விவாதம் ஓடுகிறது. கான்பூர் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர்.

விதி இருந்தும் ஏன் நடக்கிறது? சொட்டைக்காகச் சிகிச்சைக்குப் போகிறேன் என்று வெளியே சொல்ல இன்னமும் கூச்சப்படுகிறார்கள். வீட்டுக்கே தெரியாமல், நண்பன் ஒருவனை மட்டும் அழைத்துக்கொண்டு, இஎம்ஐ போட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போய்வருகிறார்கள். சரியாக வராவிட்டால் புகார் கொடுக்கவும் அதே கூச்சம். உலக அளவிலும் இதே நிலைதான். போலி மையங்களில் தலையைக் கெடுத்துக்கொண்டவர்களுக்குச் சரிசெய்யும் சிகிச்சை அளிப்பதற்காகவே, முடி சிகிச்சை மருத்துவர்களின் சர்வதேச சங்கம் நவம்பர் 11-ஐத் தனி நாளாக வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் எந்த கிளினிக்கும் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். கேட்டதும் முகம் சுளித்தால், அதுவே பதில். கருவியைப் பிடிக்கப்போவது யார், மரத்துப்போகும் மருந்தின் அளவை யார் கணக்கு வைப்பார்கள், அன்று எத்தனை பேருக்குச் செய்கிறார்கள், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்கலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம், எதற்கு அலர்ஜி, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது நோயாளியின் பக்கம்.

செய்துகொண்ட பிறகு முதல் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் நட்ட முடியெல்லாம் கொட்டிவிடும். "போச்சு, ஏமாத்திட்டாங்க" என்று பதறுபவர்கள் அதிகம். வேர் உள்ளே இருக்கிறது என்பதால் மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். அதற்கு நடுவில் காய்ச்சல், தலையில் கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், தோல் கறுத்துப்போவது ஆகியவை தெரிந்தால் கிளினிக்கின் வாட்ஸ்அப் எண்ணில் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ குழப்பமான பேச்சோ இருந்தால் 108-ஐ அழைத்து நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். என்ன சிகிச்சை செய்துகொண்டோம், என்னென்ன மருந்து போட்டார்கள் என்பதை அங்கே வெட்கப்படாமல் சொன்னால்தான் மருத்துவர்களால் சரியான மருந்தை உடனே கொடுக்க முடியும்.